கேட்டு வாங்கிக் கட்டிய நூலகம்

நூலக விழா மலர் என்றால் அதற்கென்று ஒரு வரிசை உண்டு. அமைச்சர் வாழ்த்துரை, கட்டடம் எழும்பிய கதை, நன்கொடையாளர் பட்டியல், கடைசியில் குழுப்படம். நம் சிறுவர் பகுதியின் கதையும் அந்த வரிசைப்படியே மற்றப் பக்கங்களில் இருக்கிறது. மலர்க்குழு என்னிடம் கேட்டது, பிள்ளைகளின் புத்தகத்துக்கென்றே வெளியுலகில் எழுந்த ஒரு நிறுவனத்தின் வரலாறு. லண்டன், நியூயார்க், டொராண்டோ என்று பெரிய பெயர்கள் பல இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது மியூனிக். தோற்றுப்போன ஒரு நாட்டில், இடிபாடுகளுக்கு நடுவே, அந்த நாட்டால் விரட்டப்பட்ட ஒரு பெண் திரும்பி வந்து, நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாடுகளுக்கெல்லாம் கடிதம் எழுதிப் புத்தகம் கேட்டு வாங்கி உண்டாக்கிய நூலகம் அங்கேதான் இருக்கிறது. பன்னாட்டு இளையோர் நூலகம் என்று பெயர்.

அந்தப் பெண் யெல்லா லெப்மான். 1891இல் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதிலேயே அந்த ஊர் சிகரெட் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பறை நடத்தியவர். அந்தத் தொழிலாளர்களில் பல நாட்டவர் இருந்தார்கள். ஆகவே புத்தகங்களும் பல மொழிகளில் வேண்டியிருந்தன. பிற்காலத்தில் அவர் செய்த அத்தனைக்கும் விதை அங்கே விழுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். முதல் உலகப் போருக்குப் பின் கணவர் இறந்துபோனார். இரண்டு பிள்ளைகள். லெப்மான் ஸ்டுட்கார்ட் நாளிதழ் ஒன்றில் சேர்ந்தார். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் வேலை போயிற்று. 1936இல் பிள்ளைகளோடு நாட்டை விட்டு வெளியேறி, இத்தாலி வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார்.

நாற்பத்தைந்து வயதில் புது நாடு, வேற்று மொழி, நிலையில்லாத வருமானம். எழுத்தை நம்பிப் பிழைத்த ஒருவருக்கு மொழி மாறுவது என்பது கையை வெட்டிப் போடுவது போன்றது. கேம்பிரிட்ஜில் எழுத்தாளர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் விட்டுச்சென்ற தாள்களை வரிசைப்படுத்தும் வேலை, பிறகு பி.பி.சி., போர்க்காலத்தில் ஐரோப்பாவை நோக்கி ஒலிபரப்பிய அமெரிக்க வானொலி என்று கிடைத்த இடத்திலெல்லாம் உழைத்தார். இன்று நாம் குடியேறியோர் அனுபவம் என்று தலைப்புப் போட்டுக் கருத்தரங்கு நடத்துகிறோமே, அதை இந்த நூலகத்தின் நிறுவனர் வாழ்ந்தே பார்த்தவர். அதனால்தான் இந்த வரலாற்றை அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

பெல்ஜியத்துக்கு இரண்டாவது கடிதம்

1945 அக்டோபரில் அமெரிக்க ராணுவம் லெப்மானை ஜெர்மனிக்கு அழைத்து வந்தது. பதவி, பெண்கள் மற்றும் இளையோர் விவகார ஆலோசகர். மேஜர் தரம், உடம்பில் ராணுவச் சீருடை. தன்னை விரட்டிய ஊருக்கு வென்றவர்களின் உடுப்போடு திரும்பி வருவதில் ஒரு சங்கடம் இருந்திருக்கும். வருவதற்கு முன் அவர் நெடுநேரம் தயங்கினார். பெரியவர்களுக்காக அவர் வந்திருக்க மாட்டார். பிள்ளைகள் என்றதும் வந்தார்.

ஊர் ஊராக ஜீப்பில் போய்ப் பார்த்தார். வீடு இல்லை, சோறு இல்லை, தகப்பன்மார் போரில் இறந்திருந்தார்கள் அல்லது சிறைமுகாமில் இருந்தார்கள். பிள்ளைகளிடம் இருந்த புத்தகங்களோ நாஜிகள் அச்சிட்டவை. பன்னிரண்டு ஆண்டுகள் வெளிநாட்டுக் கதை எதுவும் எட்டாமல், ஒரே கொள்கையை ஊட்டி வளர்த்த தலைமுறை அது. ரொட்டியும் கம்பளியும் கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். அதோடு சேர்த்துப் புத்தகமும் வேண்டும் என்றார் லெப்மான். ராணுவ அதிகாரிகள் மறுக்கவில்லை. ஆனால் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பணம் இல்லாதவர் செய்யக்கூடியது கேட்பது ஒன்றுதான். 20 நாடுகளுக்குக் கடிதம் போயிற்று. உங்கள் நாட்டுப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் புத்தகங்களை அனுப்புங்கள், படங்கள் நிறைந்தவையாக இருக்கட்டும், மொழி தெரியாத ஜெர்மானியப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் என்பது கடிதங்களின் சாரம். படப்புத்தகத்துக்கு இந்த நூலகத்தில் இன்றுவரை இருக்கும் முதலிடம் எந்தக் கல்விக் கொள்கையிலிருந்தும் வந்ததில்லை. மொழிபெயர்க்க ஆளும் நேரமும் காகிதமும் இல்லாத நெருக்கடியிலிருந்து வந்தது.

நாடுகள் அனுப்பத் தொடங்கின. பெல்ஜியம் மட்டும் மறுத்தது. இரண்டு போர்களிலும் ஜெர்மானியப் படை தங்கள் நாட்டுக்குள் புகுந்தது, ஆகவே எங்களால் முடியாது என்று பதில் வந்தது. நியாயமான பதில். யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். லெப்மான் மறுபடியும் எழுதினார். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு புதுத் தொடக்கம் கிடைக்காவிட்டால் மூன்றாவது முறையும் படை வரும், அதைத் தடுக்க உதவுங்கள் என்று கேட்டார். பெல்ஜியத்திலிருந்து அருமையான ஒரு தொகுப்பு வந்து சேர்ந்தது. இந்த நிறுவனத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் அந்த இரண்டாவது கடிதம். நம் ஊரில் நூலகத்துக்கு நன்கொடை கேட்டு ஒருமுறை போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வந்த புத்தகங்களைக் கொண்டு 1946 ஜூலை 3 அன்று மியூனிக்கில் பன்னாட்டு இளையோர் நூல் கண்காட்சி திறந்தது. போர் முடிந்தபின் ஜெர்மனியில் நடந்த முதல் பன்னாட்டுப் பண்பாட்டு நிகழ்ச்சி அது. நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். ஹவுஸ் டெர் குன்ஸ்ட் என்னும் கலைக்கூடம். அடிக்கல் நாட்டியவர் ஹிட்லர். நாஜிகளுக்குப் பிடித்த கலையை மட்டும் காட்டுவதற்காக 1937இல் திறந்த கட்டடம். குண்டுவீச்சில் தப்பித்த அந்தக் கூடத்தில் இப்போது பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து என்று பல நாட்டுப் பிள்ளைகளின் புத்தகங்களும் அவர்கள் வரைந்த ஓவியங்களும் வரிசையாக இருந்தன. புத்தகங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கவில்லை. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்த்தார்கள். கண்காட்சி பிறகு ஸ்டுட்கார்ட், பிராங்பர்ட், பெர்லின் என்று நகர்ந்தது.

பெர்லினில் ஒரு தொல்லை. பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைகள் புத்தகத்தைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுக்க மனமிருந்தும் பிரதி ஒன்றுதான் இருந்தது. மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் படம் வரைந்த ஃபெர்டினாண்ட் என்ற காளையின் கதையை லெப்மான் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். சண்டைக்குப் போகாமல் பூவை மோந்துகொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் காளை அது. நாஜி ஆட்சியில் தடை செய்யப்பட்ட நூல். செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சடித்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பகட்டு அட்டை கிடையாது, தாளும் மட்டம். நல்ல சிறுவர் நூல் என்றால் வழவழப்புத் தாளில் நாலு வண்ணத்தில் இருந்தாக வேண்டும் என்று விலையை ஏற்றிக்கொண்டு போகிற நம் பதிப்பாளர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

மாளிகையும் கோட்டையும்

கண்காட்சி முடிந்தால் புத்தகங்கள் என்ன ஆகும்? மூட்டை கட்டித் திருப்பி அனுப்ப லெப்மானுக்கு மனமில்லை. அமெரிக்கா போய் ஆதரவு திரட்டினார். எலினோர் ரூஸ்வெல்ட் துணை நின்றார், ராக்பெல்லர் அறக்கட்டளை பணம் தந்தது. 1949 செப்டம்பர் 14 அன்று மியூனிக் கௌல்பாக் தெருவில் ஒரு பழைய மாளிகையில் பன்னாட்டு இளையோர் நூலகம் திறந்தது. அடுத்த ஆண்டு, 1950இல், சென்னையில் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் கிடையாது. ஆனால் போர் முடிந்த அந்த ஆண்டுகளில், பிள்ளைகளுக்கென்று தனியாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் பல ஊர்களில் ஒரே சமயத்தில் வந்திருக்கிறது.

கௌல்பாக் தெரு வீட்டில் பிள்ளைகள் அலமாரிக்குப் போய்த் தாமே புத்தகம் எடுக்கலாம். இன்றைக்கு இது சாதாரணம். அன்றைய ஜெர்மனியில் புதுமை. ஓவியக்கூடம் இருந்தது, வெளிநாட்டு மொழி வகுப்பு இருந்தது, பிள்ளைகளே நடத்திய நூல் விவாதக் கூட்டம் இருந்தது, ஐக்கிய நாடுகள் சபையைப் போல் ஒரு இளையோர் சபைகூட நடந்தது. எரிக் கெஸ்ட்னர் வந்து பிள்ளைகளோடு பேசுவார். 1933இல் பெர்லினில் தன் புத்தகங்கள் எரிக்கப்பட்டபோது கூட்டத்தில் நின்று பார்த்த எழுத்தாளர் அவர். போர் வேண்டாம் என்று விலங்குகள் கூடி மாநாடு நடத்தும் அவருடைய கதை 1949இல் வெளிவந்தது. அதற்கு யோசனை சொன்னவர் லெப்மான். படம் வரைந்த வால்டர் ட்ரியர் பிராகில் பிறந்த யூதர். அவரும் 1936இல் லண்டனுக்கு ஓடியவர், பிறகு கனடா போய் அங்கேயே காலமானார். எழுதியவர், யோசனை சொன்னவர், வரைந்தவர் என்ற மூவரில் இருவர் நாடிழந்தவர்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு, புத்தகம் எரிந்த நாட்டில் பிள்ளைகளுக்கு நூலகம் கட்டினார்கள் என்பதன் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

1951 நவம்பரில் லெப்மான் மியூனிக்கில் ஒரு மாநாடு கூட்டினார். எழுத்தாளர், ஓவியர், பதிப்பாளர், நூலகர், ஆசிரியர் என்று பல நாட்டினர் வந்தார்கள். அதிலிருந்து பிறந்தது இளையோர் நூல்களுக்கான பன்னாட்டு வாரியம், சுருக்கமாக இப்பி. 1953இல் சூரிக்கில் முறைப்படி தொடங்கியது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1956 முதல் வழங்குவதும், ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2ஐ 1967 முதல் உலகச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடுவதும் இந்த வாரியமே. இந்தியாவுக்கும் இதில் கிளை உண்டு. 1998இல் இதன் மாநாடு புது தில்லியில் நடந்தது. லெப்மான் 1957இல் நூலகப் பொறுப்பைக் கைமாற்றிவிட்டு சூரிக் போனார். 1970இல் மறைந்தார். சொந்த நகரத்திலும் அவர் தங்கவில்லை, நூலகம் கட்டிய நகரத்திலும் தங்கவில்லை.

நூலகம் வளர வளர மாளிகை போதவில்லை. 1983இல் மியூனிக்கின் மேற்கே ஓபர்மென்சிங் பகுதியில் இருக்கும் புளூட்டன்பர்க் கோட்டைக்குக் குடிபெயர்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் பவேரியக் கோமகன்கள் வேட்டைக்கு வந்து தங்கிய இடம். வெள்ளைச் சுவர், செம்மஞ்சள் ஓடு, சுற்றிலும் நீர். பார்க்கப் படப்புத்தகத்துக் கோட்டை போலவே இருக்கும். புத்தகங்களில் பெரும்பகுதி கண்ணில் படாது. முற்றத்துக்கு அடியில் நிலவறைக் கிடங்கில் இருக்கிறது. 240க்கும் மேற்பட்ட மொழிகளில் 6 லட்சத்துக்கும் அதிகமான நூல்கள். சிறுவர் நூலுக்கென்று உலகில் இதைவிடப் பெரிய தொகுப்பு கிடையாது. மேலே, சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குப் பல மொழிகளில் இரவல் தரும் பகுதி இயங்குகிறது. ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை உண்டு. வெள்ளைக் காக்கைகள் என்ற பெயரில் ஆண்டுதோறும் உலக அளவில் 200 நூல்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். மொழிவாரியாக ஆட்கள் இருந்து படித்துத் தேர்வு செய்யும் பட்டியல் அது. பதிப்பாளர்கள் மொழிபெயர்ப்பு உரிமை வாங்குவதற்கு முன் அதைப் பார்ப்பார்கள்.

கோட்டைக்குப் போன அந்த 1983ஆம் ஆண்டு தமிழருக்கு வேறு காரணத்தால் மறக்க முடியாதது. இலங்கையில் ஜூலைக் கலவரத்துக்குப் பின், கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்குள் நுழைந்த தமிழ் அகதிகள் பல்லாயிரம் பேர். அதற்கு முன்பே இத்தாலியரும் துருக்கியரும் தொழிலாளர் ஒப்பந்தங்களின் கீழ் வந்து, சில ஆண்டில் திரும்பிவிடுவோம் என்று நினைத்து, நிலைத்துவிட்டிருந்தார்கள். நூலகம் தொடங்கியபோது வெளிநாட்டை ஜெர்மானியப் பிள்ளைக்குக் காட்டுவது வேலையாக இருந்தது. இப்போது வெளிநாட்டுப் பிள்ளை ஜெர்மனியிலேயே பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. வேலை மாறிவிட்டது.

எந்தப் படம் பேசுகிறது

இங்கே கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். உலகப் பண்பாடு என்ற பெயரில் வருகிற படப்புத்தகங்களில் பாதிக்கு மேல் சுற்றுலாத் துறையின் விளம்பரத் தாள்கள்தான். நாட்டுக்கு ஒரு பக்கம். ஜப்பான் என்றால் கிமோனோ, மெக்சிகோ என்றால் அகலத் தொப்பி, இந்தியா என்றால் யானை. உடுப்பு, பலகாரம், பண்டிகை என்ற மூன்றோடு ஒரு மக்களின் வாழ்க்கை முடிந்துவிடும். அதைப் படித்த பிள்ளைக்கு அந்த நாட்டுப் பிள்ளை ஒன்று நேரில் வந்து, பேன்ட் சட்டை போட்டு, கணக்குப் பாடத்தில் முழித்துக்கொண்டு நின்றால், இது எந்த ஊர் என்றே புரியாது. பள்ளி ஆண்டு விழாவில் தேசிய ஒருமைப்பாடு என்று ஆளுக்கொரு மாநில உடுப்பு மாட்டி நிறுத்துகிறோமே, அதே சரக்கு. சேர்த்து வைக்கத்தான் வேண்டும். நூலகம் எல்லாவற்றையும் சேர்க்கும். ஆனால் பிள்ளை கையில் எடுத்துக் கொடுக்கும்போது தேர்வு வேண்டும்.

ஷான் டான் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். தகப்பனார் மலேசியாவிலிருந்து அங்கே படிக்கப் போனவர். டான் 2006இல் வெளியிட்ட வருகை என்ற புத்தகத்தில் ஒரு சொல்கூட இல்லை. பழைய புகைப்படத் தொகுப்பு போல் பழுப்பேறிய பென்சில் படங்கள் மட்டும். ஒரு குடும்பத் தலைவன் பெட்டி கட்டுகிறான், மனைவியையும் மகளையும் விட்டுக் கப்பலேறுகிறான், ஒரு பெரிய நகரத்தில் இறங்குகிறான். அந்த நகரத்தின் எழுத்தைக்கூட ஆசிரியர் தாமே கற்பனை செய்து வரைந்திருக்கிறார். நமக்கும் படிக்கத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. பசை தடவி, ஒழுங்காக, வரிசையாக ஒட்டிக்கொண்டே போகிறான். எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டியிருக்கிறான். வேலை போகிறது. எழுத்துத் தெரியாத ஊரில் பிழைக்கப் போனவனின் அவமானத்தை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடுகிறது. திருப்பூரில் பேருந்துப் பலகை படிக்கத் தெரியாமல் நிற்கும் பீகார்ப் பையனையும், துபாயில் இறங்கிய நம் ஊர்ப் பையனையும் அதே பக்கத்தில் பார்க்கலாம்.

பிரான்செஸ்கா சான்னா இத்தாலியர். அங்கே ஓர் அகதி மையத்தில் இரண்டு சிறுமிகளைச் சந்தித்ததிலிருந்து அவருடைய பயணம் என்ற நூல் தொடங்கியது, 2016இல் வந்தது. போரில் தகப்பனை இழந்து ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு எல்லை தாண்டுகிற கதை. இரவில் காட்டில் படுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கிறது. படத்தில், பிள்ளைகள் உறங்கியபின் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டுகிறது. படிக்கிற பிள்ளை கவனித்துவிடும். படித்துக் காட்டுகிற பெரியவருக்குத்தான் குரல் தடுமாறும். யோகோஹாமாவில் பிறந்து பதினாறு வயதில் அமெரிக்கா போன ஆலன் சே, 1993இல் தன் தாத்தாவின் பயணத்தை வரைந்தார். கலிபோர்னியாவில் இருக்கும்போது ஜப்பானுக்கு ஏங்குவார், ஜப்பானுக்குத் திரும்பினால் கலிபோர்னியாவுக்கு ஏங்குவார். நம் வீடுகளில் இப்படி ஒரு பெரியப்பாவாவது இருப்பார்.

நம் பக்கத்து நூல் ஒன்றையும் சேர்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் பாட்டன்கட் கிராமத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம். லண்டனில் இந்திய உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் வரைய அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவர் கண்டதையெல்லாம் வரைந்தார். சென்னையின் தாரா புக்ஸ் அதை 2004இல் லண்டன் காட்டுப் புத்தகம் என்னும் பொருள்படும் பெயரில் வெளியிட்டது. பிக் பென் கடிகாரம் அதில் சேவலோடு ஒன்றாகியிருக்கிறது. கிராமத்துக்கு நேரம் சொல்வது சேவல். தினமும் ஏறிப்போன 30ஆம் எண் பேருந்து, விசுவாசமான நாயாகியிருக்கிறது. சுரங்க ரயில் பூமிக்கடியில் ஊரும் மண்புழு. மாலையானதும் மதுக்கடைக்குக் கிளம்பும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள். ஒரு காலத்தில் வெரியர் எல்வின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அதே பாட்டன்கட்டில் தங்கிக் கோண்டு மக்களைப் பற்றி எழுதினார். இங்கே ஒரு கோண்டு ஆங்கிலேயரைப் பார்த்து எழுதியிருக்கிறார். யார் யாரைப் பார்க்கிறார் என்பது திரும்பியதும் புத்தகத்தின் தரமே வேறாகிவிடுகிறது. உலகப் பண்பாட்டு நூல் என்று நான் கைகாட்டுவது இதைத்தான்.

தீவில் ஒரு கிளைக்கதை

லெப்மான் போட்ட பாதையில் இப்பி 2012இல் ஒரு வேலையைத் தொடங்கியது. சிசிலியைவிட துனீசியாவுக்கு அருகில் கிடக்கும் இத்தாலியத் தீவு லம்பெடூசா. ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் படகில் வருகிறவர்கள் முதலில் கரையேறும் இடம். 2013 அக்டோபர் 3 அன்று ஒரே படகு விபத்தில் 360க்கும் மேற்பட்டோர் மூழ்கிப்போனது அந்தக் கரைக்கு அருகில்தான். தீவில் பிள்ளைகளுக்கென்று நூலகமே இல்லை. வந்திறங்குகிற பிள்ளைகளுக்கும் இல்லை, தீவுப் பிள்ளைகளுக்கும் இல்லை. எந்த மொழியில் புத்தகம் வைப்பது? அரபியா, திக்ரின்யாவா, பிரெஞ்சா, இத்தாலியனா? சொல்லே இல்லாத படப்புத்தகங்களை வைப்போம் என்று முடிவு செய்து, தன் நாட்டுக் கிளைகளுக்கெல்லாம் இப்பி வேண்டுகோள் விடுத்தது. பல நாடுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. ஒரு தொகுப்பு ரோம் நகரக் காட்சிக்கூடத்தில் ஆய்வுக்கு, இன்னொன்று தீவுக்கு. தொண்டர்கள் ஆண்டுதோறும் போய் நடத்திய முகாம்கள் மெல்ல மெல்ல நிரந்தர நூலகமாயின.

1946இல் மொழிபெயர்ப்பாளர் இல்லாத நெருக்கடியில் லெப்மான் கண்ட அதே வழி. அதற்காக, படப்புத்தகம் போரை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. லெப்மான் அப்படி நம்பினார் என்றே தெரிகிறது. அந்த நம்பிக்கைக்கு அடுத்து வந்த ஆண்டுகள் ஆதரவாக இல்லை. கரையேறிய பிள்ளைக்கு ஒரு மணி நேரம் உட்கார இடமும், கையில் ஒரு புத்தகமும், பக்கத்தில் உள்ளூர்ப் பிள்ளை ஒன்றும் கிடைக்கிறது. நூலகத்தால் செய்ய முடிவது அவ்வளவுதான். அதைச் செய்தால் போதும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டிய படப்புத்தகம் எது என்று என் வயதுக்காரர்களைக் கேட்டால் ஒரே பதில் வரும்: மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையில் சல்லிசாகக் கிடைத்த ருஷ்யப் புத்தகங்கள். பூ. சோமசுந்தரமும் ரா. கிருஷ்ணையாவும் மாஸ்கோவில் இருந்து மொழிபெயர்த்தார்கள். பனியைக் கண்ணால் காணாத நாங்கள், பனிக்காட்டில் கரடி நடந்த தடத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். சோவியத் யூனியனோடு அந்த வரத்தும் நின்றுபோனது. அந்த இடம் முழுதாக நிரம்பவில்லை. தூலிகா போன்ற சென்னைப் பதிப்பகங்கள் தமிழிலும் நல்ல படப்புத்தகம் கொண்டுவருகின்றன. ஆனால் ஊர்ப்புற நூலகம் வரை அவை வந்து சேர்வது குறைவு. வெளிநாட்டுக்குப் போன தமிழனைப் பற்றி நாவல் ஏராளம். அவன் பிள்ளையைப் பற்றி, அந்தப் பிள்ளை தானே எடுத்துப் படிக்கும்படியான தமிழ்ப் படப்புத்தகம் மிகக் குறைவு. ஜெர்மனியில் வார இறுதித் தமிழாலயங்களில் அ, ஆ எழுதும் பிள்ளைக்கு நாம் அனுப்புவது பாட நூல்தான்.

எனவே இந்த மலரைப் படிக்கிற பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மியூனிக் நூலகம் இன்றும் பெருமளவுக்கு உலகெங்கும் இருக்கும் பதிப்பாளர்கள் விலையின்றி அனுப்பும் பிரதிகளால்தான் வளர்கிறது; 1946இன் வழக்கம் மாறவில்லை. நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு சிறுவர் நூலிலும் ஒரு பிரதியை அங்கே அனுப்புங்கள். இன்னொரு பிரதியை நம் நூலகச் சிறுவர் பகுதிக்குக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களிடம், சாக்லேட்டோடு அந்த நாட்டுப் படப்புத்தகம் ஒன்றும் வாங்கிவரச் சொல்லுங்கள். மொழி எதுவானாலும் பரவாயில்லை. வேலை நாட்களில் மாலை நேரத்தில் நம் நூலகர் வாங்கிக்கொண்டு ரசீது தருவார்.